மரப்பேனா கடைதலில் கைத்தேர்ச்சி

அலுவல் நிமித்தம் வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவரிற் பலர் ஓய்வு வேளைக்கென ஏதேனும் ஒரு கைத்தொழிலைப் பயில்கின்றனர். தில்லியில் மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் பயின்றது மரப்பேனா கடைதல். நாள் முழுதும் பேனா பிடிப்பவனுக்கு அதனைச் செய்து பார்க்கும் ஆசை எழுந்ததில் வியப்பில்லை. மேசைமேல் பொருத்தக்கூடிய சிறிய கடைசல் இயந்திரம் ஒன்றிருந்தால், ஒரு மாலைப் பொழுதிற்குள் பேனா ஒன்று உருவாகிவிடும். உருவாக்குவது எளிது, ஓராண்டு கழித்தும் அது முழுதாக இருப்பதே அரிது. இதனை நாம் ஓர் இழப்பினால் அறிந்தோம்.

ஊரில் நம் வீட்டு முற்றத்தில் நின்ற வேம்பு புயலில் சாய்ந்தது. அதன் அடிமரத்திலிருந்து மூன்று துண்டுகள் அறுத்து மார்கழியில் தில்லிக்குக் கொணர்ந்தோம். தை முடியுமுன் ஒன்றைப் பேனாவாகக் கடைந்து, நாகபுரியில் பணி ஓய்வு பெறவிருந்த தமையனாருக்கு அனுப்பினோம். வைகாசி வெயிலில் அது நெடுக வெடித்தது. அவர் குறை கூறவில்லை. பேனாவைத் துணியில் சுற்றித் திருப்பி அனுப்பி, சரி செய்ய இயலுமா என்று மட்டும் கேட்டிருந்தார். மரமோ இனி இல்லை. எஞ்சியவை இரண்டே துண்டுகள்.

பிழை எங்கே நேர்ந்தது? கடையும்போது அன்று, அதற்கு முன்னரே நேர்ந்துவிட்டது. மரப்பேனாவின் உள்ளே இருப்பது பித்தளைக் குழல். மரம் அதன்மேல் மெல்லிய உறைபோல் ஒட்டியிருக்கிறது. ஈரம் நீங்கும் மரம் நீளவாக்கில் பெரிதும் குறுகுவதில்லை; குறுக்குவாக்கிலேதான் சுருங்கும். பித்தளையோ அதனுடன் சேர்ந்து சுருங்காது. எனவே இடம் கொடாத குழலைச் சுற்றி இறுகும் மரம் தன் இழையின் வழியே பிளக்கிறது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் இருந்த மரத்தை வட நாட்டின் வறண்ட கோடைக்குக் கொண்டுவருவோர் இதனை மறத்தலாகாது.

ஆகவே முதற்பாடம் பொறுமை. மரத்தை வேண்டிய அளவினும் சற்றுப் பருமனாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு பூசுக. முனை வழியே ஈரம் விரைந்து வெளியேறுவதால், பூசாவிடில் அங்கேதான் விரிசல் தொடங்கும். பின்பு நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்து, வாரந்தோறும் நிறுத்து, எடையை மரத்தின்மேலேயே தேதியுடன் எழுதி வருக. எடை குறைவது நின்று பல வாரங்கள் ஆயினபின், மரம் அவ்வூர்க் காற்றுக்கு இசைந்துவிட்டது எனக் கொள்ளலாம். ஓர் அங்குலப் பருமனுக்கு ஓராண்டு என்பது தச்சர் கையாளும் தோராயக் கணக்கு.

இரண்டாவது பாடம் துளை. சாதாரண மெல்லிய பேனாவுக்கு வேண்டுவது 7 மி.மீ. துளை. துளையலகை ஒரே மூச்சில் செலுத்தாமல் அடிக்கடி வெளியே எடுத்துத் தூளை அகற்ற வேண்டும். அலகு சூடேறினால் உள்ளே மயிரிழை விரிசல்கள் தோன்றும். அவை கடைந்து முடிக்கும்வரை கண்ணுக்குத் தெரியா. அலகு வெளிவரும் முனையில் மரம் சிதறும். ஆதலின் துண்டை நீளமாக வைத்துத் துளையிட்டு, சிதறிய பகுதியைப் பின்னர் அறுத்துவிடுக. குழலின் மேற்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எபாக்சிப் பசை தடவி, சுழற்றியவாறே உள்ளே செலுத்துக. பசை படாத இடமே பின்னாளில் உடையும் இடம்.

இவ்விரண்டும் செவ்வையாக அமைந்த பின்னரே உளிக்கு வேலை. புதிதாகப் பயில்வோர் உளியை அழுத்துவர். கூரிய உளி அழுத்தத்தை வேண்டாது. அதிலிருந்து மரம் சுருள் சுருளாகக் கழலும். சுருள் நின்று தூள் பறக்கத் தொடங்கினால் உளி மழுங்கிவிட்டது என்பது பொருள். உடனே சாணைக் கல்லுக்குச் செல்க. மரத்தைத் தாங்கும் தண்டை இரு முனையிலும் அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு வளைந்து, பேனா ஒருபுறம் தடித்து ஒருபுறம் மெலியும். உப்புத்தாளில் 150, 240, 400, 600 என்ற எண்வரிசையைத் தாண்டாமல் செல்க. ஒவ்வொன்றன் முடிவிலும் இயந்திரத்தை நிறுத்தி நீளவாக்கில் தேய்த்தால் வளையக் கீறல்கள் மறையும். கண்ணாடியும் முகமூடியும் அணிக. மோதிரத்தையும் மேல்துண்டையும் முன்னதாகவே அகற்றிவிடுக.

பழகுவதற்கு அரிய மரம் வேண்டா. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியிலுள்ள சென்னபட்டணத்திலும், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கத்திலும் பொம்மை கடைவோர் கையாளும் வெட்பாலை, மென்மையும் நெருங்கிய இழையும் உடையது. சுழலும் மரத்தின்மேல் அவர்கள் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படியும் காட்சி காணத்தக்கது. அப்பகுதிகளில் வாழும் அன்பர்கள் ஒருமுறை சென்று, அவர்கள் உளி பிடிக்கும் பாங்கினை அருகிருந்து நோக்குதல் நலம்.

நம் இரண்டாவது துண்டை ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழியும்வரை தொடவில்லை. பின்பு கடைந்து, வெடித்த பேனாவின் உலோகப் பாகங்களையே கழற்றிப் பொருத்தி, தமையனாருக்கு மீண்டும் அனுப்பினோம். இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. அவர் கடிதங்கள் அப்பேனாவினாலேயே எழுதப்பட்டு வருகின்றன. மூன்றாவது துண்டு, எடையும் தேதியும் எழுதப்பெற்று, நம் அலமாரியில் இருக்கிறது. அதற்கு அவசரம் இல்லை.