பைனாக்குலருக்குள் பனி புகுந்தது எப்படி?

கரைவெட்டி ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? அரியலூர் மாவட்டத்தில் சுமார் 450 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. மேட்டூர் அணையின் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்கிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடக்கேயிருந்து பறவைகள் வந்து குவிகின்றன. இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தும் அவற்றுள் ஒன்று. இந்த ஏரி ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்ற செய்தி 2024 சனவரியில் வெளியாயிற்று.

பட்டைத்தலை வாத்தை எப்படி அடையாளம் காண்பது? அதன் வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். வாத்தோ ஏரியின் நடுவில் மிதக்கிறது. உங்கள் கையில் இருப்பது பள்ளி அலமாரியில் பல ஆண்டுகள் உறங்கிய பைனாக்குலர். கண்ணில் வைத்தால் பால் கலந்த நீருக்குள் பார்ப்பதுபோல் இருக்கிறது. வெள்ளையும் கறுப்பும் கலந்து சாம்பலாகிவிட்டன. பறவைக் கணக்கெடுப்பு ஏட்டில் என்ன எழுதுவீர்கள்? ஊகித்து எழுதினால் அது கணக்காகாது. அதற்காக அந்தப் பைனாக்குலரை உடனே தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். முதலில் அதற்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் அது 17 கிராம்தான். மீதி நீர்த்துளிகளாகக் கண்ணாடியில் படியும். சரி, மூடிய குழலுக்குள் நீராவி எப்படிப் போயிற்று? பழைய பைனாக்குலர் மூச்சு விடுகிறது! இரவில் 10 பாகை குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று முப்பதில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப ஏரிக்கரையின் ஈரக்காற்று இடுக்குகள் வழியே நுழையும். போதாததற்கு, நடுவிலுள்ள சக்கரத்தைத் திருகும்போதெல்லாம் கண்ணருகு வில்லைக் குழல்கள் சைக்கிள் பம்பைப் போல் முன்னும் பின்னும் நகர்கின்றன.

வில்லையில் படியும் ஈரம் ஒளியைச் சிதறடிக்கிறது. முப்பட்டகத்தில் படியும் ஈரம் செய்யும் கேடு இன்னும் பெரிது. ஒவ்வொரு குழலிலும் இரண்டு செங்கோண முப்பட்டகங்கள் உண்டு. 1854-ல் இத்தாலியரான போரோ காப்புரிமை பெற்ற அமைப்பு இது. தலைகீழாக விழும் பிம்பத்தை இவை நிமிர்த்துகின்றன. இவற்றில் ஒளியைத் திருப்பும் பக்கங்களில் வெள்ளி பூசத் தேவையில்லை. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52 எனக் கொண்டால் மாறுநிலைக் கோணம் 41 பாகை. ஒளி 45 பாகையில் விழுவதால் முழு அக எதிரொளிப்பு நடக்கிறது. இப்போது அந்தப் பக்கத்தின் வெளியே ஒரு துளி நீரை வையுங்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. மாறுநிலைக் கோணம் 61 பாகைக்கு ஏறிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 பாகையில் வந்த ஒளி இனித் திரும்பாது. துளிக்குள் நழுவிப் போய்விடும்.

இதை வீட்டிலேயே காணலாம். கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, மேலிருந்து சாய்வாக நீர் வழியே பக்கச் சுவரைப் பாருங்கள். வெள்ளிபோல் மின்னும். வெளிப்புறத்தில் ஈர விரலால் அழுத்துங்கள். விரல் பட்ட இடத்தில் மட்டும் மினுமினுப்பு மறைந்து விரல் தெரியும்.

ஈரம் மட்டும் என்றால் மருந்து எளிது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, பைனாக்குலரைச் சில நாட்கள் வைத்திருங்கள். காலணிப் பெட்டிகளில் வரும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து வைத்தாலும் உதவும். பள்ளி ஆய்வகத்தில் உலர்த்தும் கலம் இருந்தால் இன்னும் நல்லது. பலர் செய்வதுபோல் வெயிலில் காய வைப்பது வீண் வேலை. நீர் ஆவியாகிக் குழலுக்குள்ளேயே நிற்கும். இரவில் மறுபடி படியும். மேலும், சூட்டில் கிரீஸ் இளகிக் கண்ணாடியில் மெழுகுபோல் பரவும்.

உலர்த்திய பிறகும் மங்கல் போகவில்லையா? பொருளருகு வில்லை வழியே டார்ச்சு ஒளியைச் செலுத்தி உள்ளே பாருங்கள். (சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்காதீர்கள்; கண் போய்விடும்.) சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூசணம். கண்ணாடியைத் தின்று பூசணம் வாழ்வதில்லை. தூசும் எண்ணெய்ப் பசையும் ஈரமுமே அதற்குப் போதும். ஆனால் அது சுரக்கும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும். இரண்டாம் உலகப் போரில் வெப்பமண்டலக் காடுகளில் படைகளின் தொலைநோக்கிகளை இப்படிப் பூசணம் பாழாக்கியது. நைட்ரஜன் நிரப்பி அடைத்த பைனாக்குலர்கள் பிற்காலத்தில் வந்தன.

பூசணம் ஓரத்தில் இருந்தால் பழுது பார்ப்பவர் துடைத்துத் தருவார். நடுவில் அரித்த தழும்பு இருந்தால் துடைத்தாலும் போகாது. அப்போது வேறு வாங்குவதே மேல். முன் வில்லையில் ஒட்டியிருக்கும் இரண்டு கண்ணாடிகளுக்கிடையே ஒட்டுப் பசை பிரிந்து வானவில் நிறம் தெரிந்தாலும் அப்படியே.

நீங்களே திருகாணியைக் கழற்றலாமா? முப்பட்டகத்தைத் தொடாதீர்கள் என்பேன். அது மயிரிழை நகர்ந்தாலும் இரு குழல்களும் இணையாக நில்லா. கண்கள் இழுத்துப் பிடித்து இரு காட்சிகளையும் ஒன்றாக்கப் பார்க்கும், தலைவலிதான் மிச்சம்.

புதிது வாங்கும்போது 20x50 என்ற பெரிய எண்ணில் மயங்க வேண்டாம். கை நடுக்கமும் 20 மடங்கு பெருகும். 8x40 ஏரிக்கரைக்குப் போதும். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டர். இது வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம். விடியற்கால மங்கலில் விரிந்திருக்கும் கண்மணிக்கு இது பொருந்தும். மாணிக்கம்போல் சிவப்பாக மின்னும் வில்லைகளும் விற்கின்றன. அவை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் காட்சி நீலப் பச்சையாகத் தெரியும். பறவையின் நிறம் பார்க்கப் போகிறவருக்கு அது எதற்கு? கடையில் நிற்கும்போதே தொலைவிலுள்ள ஒரு கம்பத்தைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே பைனாக்குலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். கம்பம் இரண்டாகப் பிரிந்தால் கடைக்காரரிடம் வேறொன்று கேளுங்கள்.