இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால், எந்தச் சக்கரத்தில் பூட்டுவது?

இயற்கை உழவில் உரக்கடைக்குக் கொடுக்கும் காசு மிச்சம். ஆனால் விளைந்ததை நாமே கொண்டுபோய் விற்கிறோம் என்றால், வண்டிச் செலவு நம்ம தலையில்தான். உத்திரமேரூர் பக்கத்து ஊர்களிலிருந்து அரிசியும் கீரையும் ஏற்றிக்கொண்டு, ஓரிக்கையில் பாலாற்றைக் கடந்து, காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்கு வருகிறோம். சிலர் அங்கிருந்து இன்னும் 75 கி.மீ. தள்ளிச் சென்னை வாடிக்கையாளர் வீடுவரை போகிறார்கள். இந்த ஓட்டத்தில் முதலில் தேய்வது டயர்.

டயருக்கு நம்ம வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட் என்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. ஆனாலும் நாலையும் ஒரே நாளில் மாற்ற எத்தனை பேர் கையில் காசு இருக்கு? இப்போ ரெண்டு, அடுத்த அறுவடைக்கு ரெண்டு. இதுதான் நம்ம வழக்கம். அப்போ அந்தப் புது ஜோடியை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

"முன்னாடி போடுங்கண்ணே, ஸ்டியரிங் அங்கதானே இருக்கு" என்று பல கடைகளில் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கார், குட்டி யானை, பிக்கப் போன்ற நாலு சக்கர வண்டிகளுக்குச் சரியான இடம் பின் அச்சுதான். மிச்சலின் போன்ற டயர் கம்பெனிகளும் இதையே சொல்கின்றன. எஞ்சின் முன் சக்கரத்தை இழுத்தாலும் சரி, பின் சக்கரத்தைத் தள்ளினாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

காரணம் மழை. டயரில் உள்ள பள்ளங்கள்தான் ரோட்டுத் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. பள்ளம் தேய்ந்துவிட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லை. டயர் அதன்மேல் மிதக்க ஆரம்பிக்கும். முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாகும், வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுகிறவர் கைக்கு அது உடனே தெரியும். ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் வழுக்கினால் அப்படியில்லை. வண்டியின் வால் வீசும், வண்டியே சுழன்றுவிடும். அதைத் திருத்த நேரமும் கிடைக்காது, நம்மில் பலருக்குப் பழக்கமும் கிடையாது.

உழவர் வண்டிக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. போகும்போது பாரம் பின் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். விற்றுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் லேசாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவசரமாக பிரேக் அடித்தால் முதலில் பிடி விடுவது அந்தப் பின் சக்கரம்தான். பாரம் இறக்கியாச்சு, இனி பயமில்லை என்று வேகமெடுக்கிற நேரம் அது.

"முன் டயர் வெடிச்சா என்ன பண்றது?" என்ற கேள்வி வரும். டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குறைந்த காற்று, மிதமிஞ்சிய பாரம், சூடு, வயது. வெடிக்கும் என்று சந்தேகப்படும் டயர் எந்தச் சக்கரத்திலும் இருக்கக்கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. நாலு சக்கர வண்டிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மி.மீ. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காமல் மாற்றுவது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• ஒரு அச்சில் இரண்டும் ஒரே அளவு, ஒரே வகை. ரேடியல் ஒன்று, நைலான் ஒன்று என்று கலக்கக்கூடாது.
• பக்கவாட்டில் நாலு இலக்க எண் பார்க்கவும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.
• ஒரே ஒரு டயர்தான் வாங்க முடிகிறதா? மிச்சமிருப்பதில் நல்லதாகப் பார்த்து, ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்த்து, அதோடு ஜோடியாகப் பின்னால் போடவும்.
• பழைய பின் டயர்கள் முன்னால் வந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடவும்.

பின்னால் இரட்டை டயர் ஓடும் லாரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே நல்ல டயர் முன் அச்சுக்கு. ரீட்ரெட் டயரை முன்னால் போடவே கூடாது.

டிராக்டர் கதை வேறு. டூ வீல் டிரைவில் இழுப்பது பெரிய டயர். அதன் பட்டன் தேய்ந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். டீசலும் வீண், மண்ணும் அரைபட்டு இறுகும். பண்படுத்திய மண்ணை நாமே கெடுத்ததுபோல் ஆகும். அதனால் பின் டயர் இரண்டையும் ஜோடியாகவே மாற்றவும். போர் வீல் டிரைவில் முன் அச்சும் பின் அச்சும் கியரால் பிணைக்கப்பட்டவை; இரண்டின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். ஒரு அச்சை மட்டும் மாற்றுவதற்கு முன் கையேட்டில் உள்ள அளவைப் பார்த்துவிடவும்.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒருநாள் வண்டியைச் சுற்றி வந்து நாலு டயரையும் குனிந்து பாருங்கள். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைவிட அதிகம் தேய்ந்திருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். அதற்குக் கடைக்கூலி மட்டும்தான்.