மொட்டை மாடியில் கொரியன் ஸ்டைல் ஸ்மோக்டு சிக்கன் விங்ஸ்... செய்யலாம் வாங்க!

கே-டிராமா பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி ரொம்பவே பழக்கம். ராத்திரி நேரம், சோல் நகரத்தின் ஹான் நதிக்கரை, நடுவில் சிவப்பு சாஸ் மினுமினுக்கும் சிக்கன். ஹீரோயின் ஒரு துண்டை எடுத்துக் கடிக்கும்போது, இங்கே நமக்கு நாக்கில் எச்சில் ஊறும். உடனே போனை எடுத்து ஆர்டர் போட்டால், வருவது என்னமோ தக்காளி சாஸில் குளிச்ச சிக்கன்தான்!

அதையே நாமே கரிப்புகையில் வாட்டி, காரசாரமான கொரியன் ஸ்டைல் சாஸில் புரட்டி எடுத்தால்? தாராளமா செய்யலாம். பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனா, ரெண்டு விஷயத்தில் கவனம் வேணும். ஒண்ணு, தோல் ரப்பர் மாதிரி ஆகிடக் கூடாது. இன்னொண்ணு, உயிர் சம்பந்தப்பட்டது. அதைக் கடைசியில் சொல்றேன். அதைப் படிக்காம மட்டும் அடுப்பைப் பத்த வெச்சுடாதீங்க.

இது அசல் கொரியன் டிஷ்ஷா?

நேர்மையா சொன்னா, இல்லை. கொரியாவில் ஃபேமஸ், எண்ணெயில் ரெண்டு முறை மொறுமொறுன்னு பொரிச்ச சிக்கன். அதை இனிப்பும் காரமும் கலந்த சாஸில் புரட்டினால், அது 'யாங்நியோம் சிக்கன்'. சிக்கனோடு பீர் சேர்த்துச் சாப்பிடுவதற்கு அங்கே 'சிமேக்' என்று தனிப் பெயரே உண்டு. தேகு நகரத்தில் 2013-லிருந்து சிமேக் திருவிழாவே நடக்குது.

விங்ஸை சாஸில் புரட்டிச் சாப்பிடும் பழக்கத்தைப் பிரபலமாக்கியது அமெரிக்கா. 1964-ல் நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரில் இருக்கும் ஆங்கர் பாரில் ஆரம்பிச்சதாகச் சொல்வாங்க. அதனால்தான் அதுக்குப் பேர் 'பஃபலோ விங்ஸ்'. எருமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை! விறகுப் புகையில் மெதுவாக வேக வைப்பதும் அமெரிக்க பார்பிக்யூ பாணிதான். ஆக, நாம செய்யப்போறது அமெரிக்க உடம்பு, கொரிய உயிர்.

அந்த உயிர்தான் 'கோச்சுஜாங்'!

மிளகாய்த் தூள், பசை அரிசி, புளிக்க வைத்த சோயா மாவு, முளைகட்டிய பார்லி, உப்பு... இதெல்லாம் சேர்த்து, மண்ஜாடியில் மாசக்கணக்கில் புளிக்க வைக்கும் விழுதுதான் கோச்சுஜாங். நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரி, அங்கே வெயில் படும் இடத்தில் இந்த ஜாடிகளை வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. இந்த வகை 'ஜாங்' தயாரிக்கும் மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது.

இதில் காரம் மட்டும் இல்லை. இனிப்பு, உப்பு, புளிப்பு, அடியில் ஒரு ஆழமான ருசி... எல்லாம் உண்டு. அதனால மிளகாய் விழுதும் வெல்லமும் சேர்த்தால் நிறம் கிட்டத்தட்ட வரும். அந்த ருசி வராது. சூப்பர் மார்க்கெட்டில் சின்ன சிவப்பு டப்பாவில் கிடைக்குது. கொரிய கார் நிறுவனத்தின் தொழிற்சாலை வந்த பிறகு சென்னையில் கொரியர்கள் குடியேற, அவங்களுக்கான மளிகைக் கடைகளும் வந்தாச்சு. அங்கேயும் வாங்கலாம். சோயா அலர்ஜி இருக்கிறவங்க தொட வேண்டாம். சில பிராண்டுகளில் கோதுமையும் இருக்கும், லேபிளைப் பாருங்க.

கறிக்கடையில் சொல்ல வேண்டியது

நம்ம ஊர் கறிக்கடைகளில் பெரும்பாலும் தோலை உரிச்சுத்தான் கொடுப்பாங்க. "அண்ணா, 1 கிலோ விங்ஸ், தோலோட வேணும்" என்று முன்கூட்டியே சொல்லிடுங்க. தோல் இல்லைன்னா இந்த ஐட்டமே இல்லை. மூட்டில் வெட்டி, கூர்மையான நுனியைத் தனியா எடுத்துடுங்க. அது சூப்புக்கு ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் கழுவினால், கிருமி சிங்க் முழுக்கத் தெறிக்கும். அதுக்குப் பதிலா டிஷ்யூ பேப்பரால் ஈரம் போக நல்லா ஒத்தி எடுங்க. ஒன்றரை டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் மிளகுத்தூள், 1 டீஸ்பூன் மிளகாய்த் தூள், 1 டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர்... எல்லாத்தையும் கலந்து விங்ஸில் தடவி, ஒரு தட்டில் பரப்பி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் ராத்திரி முழுக்க வைங்க. தோல் காயும். பேக்கிங் பவுடர் தோலின் காரத்தன்மையை லேசா கூட்டுவதால், சீக்கிரம் சிவந்து மொறுமொறுப்பாகும். பேக்கிங் சோடாவைப் போட்டுடாதீங்க, வாயே வைக்க முடியாது.

புகை போடுவது எப்படி?

மூடி உள்ள பார்பிக்யூ அடுப்பு வேணும். கொட்டாங்குச்சிக் கரியை அடுப்பின் ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பத்த வைங்க. கரி மேலே சாம்பல் பூத்ததும், காய்ந்த மா விறகோ கொய்யா விறகோ ரெண்டு துண்டு வைங்க. பெயின்ட் அடிச்ச மரம், பிளைவுட், பைன் மாதிரி பிசின் உள்ள மரம் எதுவும் கூடாது.

முதலில் அடர்த்தியா வெள்ளைப் புகை வரும். அதில் சிக்கனை வெச்சா கசக்கும். புகை மெலிஞ்சு லேசான நீல நிறத்துக்கு வரும்வரை பொறுங்க. பிறகு, கரி இல்லாத பக்கத்தில் விங்ஸை அடுக்கி, மூடியைப் போட்டு, காற்றுத் துளையைத் திறந்து வைங்க. உள்ளே 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம்.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குவாங்க. நானும் சறுக்கினேன். முதல் தடவை, குறைந்த சூட்டிலேயே முழுசா வேக வெச்சேன். வாசம் தெருவையே தூக்கிச்சு, ஆனா தோலைக் கடிச்சு இழுத்தா சூயிங்கம்! காரணம் சிம்பிள். தோலில் இருக்கும் கொழுப்பு உருகி வெளியேற அதிக சூடு தேவை. அதனால ஒரு மணி நேரப் புகைக்குப் பிறகு, விங்ஸை நேரடியா கரிக்கு மேலே வெச்சு, ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி 5 நிமிஷம் வாட்டணும். இல்லைன்னா 200 டிகிரி ஏர் ஃப்ரையரில் 8 முதல் 10 நிமிஷம்.

வெந்துடுச்சான்னு நிறத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. புகையில் இருக்கும் வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்வதால், நல்லா வெந்த பிறகும் உள்ளே பிங்க் நிறம் தெரியலாம். உணவு தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் சதையில் குத்திப் பாருங்க. குறைந்தது 74 டிகிரி இருக்கணும். விங்ஸுக்கு 80-ஐத் தாண்டினால்தான் இன்னும் மிருதுவா இருக்கும்.

சாஸ்... 5 நிமிஷ வேலை

3 டேபிள்ஸ்பூன் கோச்சுஜாங், 1 டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், 2 டேபிள்ஸ்பூன் தேன், 1 டேபிள்ஸ்பூன் வினிகர், பொடியா நறுக்கிய 4 பல் பூண்டு, துருவிய இஞ்சி கொஞ்சம், கால் கப் தண்ணீர். சின்னத் தீயில் பளபளன்னு கெட்டியாகும் வரை கிளறி இறக்குங்க.

கொரியாவில் கடைசியா வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் ஊத்துவாங்க. நம்ம நல்லெண்ணெயில் அந்த வறுத்த வாசம் இருக்காது. கவலை வேண்டாம். ரெண்டு ஸ்பூன் எள்ளைப் பொன்னிறமா வறுத்து, பாதியை நுணுக்கி சாஸில் கலந்து, மீதியை மேலே தூவுங்க. சாஸை எப்பவும் கடைசியில்தான் புரட்டணும். முன்னாடியே தடவினால், அதில் இருக்கும் இனிப்பு கரிஞ்சு கசந்துடும்.

பார்பிக்யூ அடுப்பு இல்லையா?

விங்ஸை ஏர் ஃப்ரையரிலோ ஓவனிலோ வேக வெச்சு, பெரிய பாத்திரத்துக்கு மாத்துங்க. நடுவில் சின்னக் கிண்ணம், அதில் தணல் போல சிவந்த ஒரே ஒரு கரித்துண்டு. மேலே அரை ஸ்பூன் நெய் விட்டு உடனே மூடுங்க. 5 நிமிஷம் போதும். வட இந்தியச் சமையலில் இதுக்கு 'துங்கார்' என்று பேர். ஜன்னலைத் திறந்து வெச்சு செய்யுங்க. முடிச்சதும் கரித்துண்டைத் தண்ணியில் போட்டு அணைச்சுடுங்க.

இதை மட்டும் மறக்காதீங்க!

போன மழைக்காலத்தில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் கூடியிருந்தோம். விங்ஸ் பாதி வெந்திருக்கும், சடசடன்னு மழை. "அடுப்பை அப்படியே மாடி ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போயிடலாம்டா" என்றான் ஒருத்தன். ரெண்டு பேர் பிடியில் கையே வெச்சுட்டாங்க. சத்தம் கேட்டு மேலே வந்த நண்பனோட அம்மா, வாசலை மறிச்சு நின்னுட்டாங்க. "சிக்கன் போனா போகட்டும்பா. கரி அடுப்பு ரூமுக்குள்ள வரக் கூடாது" என்றார்.

அவங்க சொன்னதுதான் சரி. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் இல்லை, வாசம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவா ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி... 'சாப்பாடு ஒத்துக்கலை போல' என்று நினைச்சுப் படுத்தவங்க எழுந்திருக்காமலே போயிருக்காங்க. புகை அடங்கி, சாம்பல் மூடின கரியிலிருந்தும் இது மணிக்கணக்கில் வரும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா போதாது. மலை ஊர்களுக்கு டூர் போகும்போது, பார்பிக்யூ முடிஞ்ச அடுப்பைக் குளிருக்காக ரூமுக்குள் எடுத்துட்டுப் போறதும் இதே ஆபத்துதான்.

யாருக்காவது அறிகுறி தெரிஞ்சா, உடனே திறந்த வெளிக்குக் கூட்டிட்டு வந்து, 108-க்கு போன் பண்ணுங்க. எல்லாம் முடிஞ்சதும் அடுப்பின் துளைகளை அடைச்சு, ராத்திரி முழுக்க வெளியிலேயே விட்டுடுங்க. சூடான சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைக் கூடையில் கொட்டக் கூடாது.

சரி, அன்னைக்கு எங்க விங்ஸ் என்னாச்சு? தட்டில் அள்ளிக்கிட்டு கீழே ஓடினோம். அடுப்பு மழையிலேயே நின்னுச்சு. சிக்கன் ஏர் ஃப்ரையருக்குள் போச்சு, சாஸ் அடுப்பில் கொதிச்சது. முதல் விங்ஸை அந்த அம்மாவுக்குத்தான் கொடுத்தோம். ஒரு கடி கடிச்சுட்டு, "காரம் பத்தலையேப்பா!" என்றார்.

அடுத்த தடவை மிளகாய்த் தூளை ரெண்டு ஸ்பூனா போடணும்!