பெயர் சொல்லாத பிரதமர்

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆ தொழுகை நேரத்தில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் புகுந்து சுட்டான் ஒருவன். 51 பேர் இறந்தார்கள். கொல்வது மட்டும் அவனுக்குப் போதவில்லை, உலகம் அதைப் பார்க்கவும் வேண்டியிருந்தது. தலையில் கேமரா மாட்டி ஃபேஸ்புக்கில் நேரலையாக ஓட்டினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது.

அவனுடைய அந்த ஆசைக்குத்தான் முதல் அடி விழுந்தது. நாடாளுமன்றத்தில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று பேச்சைத் தொடங்கிய பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன், கொலையாளியின் பெயரைத் தாம் உச்சரிக்கப்போவதே இல்லை என்றார். அந்நாட்டின் ஐந்து பெரிய செய்தி நிறுவனங்கள், போட்டியை ஒதுக்கிவைத்து, விசாரணைச் செய்திகளில் அவனுடைய இனவெறிப் பிரச்சாரத்துக்கு இடம் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. பரபரப்பு விற்கும் தொழிலில் இது அபூர்வம். காணொளியை வைத்திருப்பதே குற்றமாயிற்று. பகிர்ந்தவர்கள் சிலர் தண்டிக்கப்பட்டார்கள்.

அடுத்தது துப்பாக்கி. கொலையாளி சாதாரண உரிமம் வைத்திருந்தவன். செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைச் சட்டப்படியே வாங்கி, அதிகத் தோட்டா கொள்ளும் மேகசின்களைப் பிறகு பொருத்திக்கொண்டான். அந்த ஓட்டையை அடைக்க ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 10 அன்று தடைச் சட்டம் 119க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. அரசு விலை கொடுத்துத் திரும்ப வாங்கியதில் சுமார் 56,000 துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன.

அமெரிக்காவில் ஏன் இப்படி நடப்பதில்லை என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அங்கே சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைக் கூடுதலாகச் சோதிக்கும் மசோதா 2013 ஏப்ரலில் செனட்டில் 54 வாக்குகள் பெற்றும் தோற்றது, தேவைப்பட்டவை 60. ஆர்டெர்னின் உறுதியைப் பாராட்டலாம். ஆனால் நியூசிலாந்தில் மேலவை கிடையாது, ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமையும் அல்ல. பாதி வேலையை இந்த அமைப்பே செய்து கொடுத்துவிட்டது.

எதிர்த்து விழுந்த அந்த ஒற்றை வாக்கு ஆக்ட் கட்சித் தலைவர் டேவிட் சீமோருடையது. நாடாளுமன்றத்தில் அப்போது அவர் கட்சிக்கு அவர் ஒருவரே. 2020 தேர்தலில் அது பத்து இடங்களைப் பிடித்தது. 2023 இறுதியில் அமைந்த கூட்டணி அரசில் துப்பாக்கிச் சட்டங்களின் பொறுப்பு நிக்கோல் மெக்கீயிடம் போனது. அவர் ஆக்ட் கட்சிக்காரர். முன்பு துப்பாக்கி உரிமையாளர் சங்கத்தின் செய்தித் தொடர்பாளர்.