மடிப்பு டிரெய்லர்

மடிப்பு டிரெய்லர் என்பது காரின் பின்னால் பூட்டி இழுக்கப்படும், வேலை முடிந்ததும் மடித்து வைக்கக்கூடிய சிறிய சரக்கு வண்டி ஆகும். பிரித்தானியாவில் தோட்டக் கழிவு, மரச்சாமான்கள், முகாம் பொருட்கள் போன்றவற்றை ஏற்றிச் செல்ல இது பயன்படுகிறது.

வைப்பிடம்

வாங்கும் முன், மடித்த டிரெய்லரின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை வீட்டில் அதை வைக்கும் இடத்தோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். நிமிர்த்தி வைக்கும் வகையில் அடியில் சிறு சக்கரங்கள் இருந்தால் சுவரோரம் தள்ளி நிறுத்துவது எளிது.

எடை வரம்பு

இடம் அடங்கினால் மட்டும் போதாது. பிரித்தானியச் சட்டப்படி, பிரேக் இல்லாத டிரெய்லரின் எடை சரக்குடன் சேர்த்து 750 கிலோவையோ, இழுக்கும் காரின் வெற்று எடையில் பாதியையோ, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. எடுத்துக்காட்டாக, 1,000 கிலோ காருக்கு வரம்பு 500 கிலோ. டிரெய்லர் 120 கிலோ இருந்தால் 380 கிலோ சரக்கே ஏற்றலாம். கார் அல்லது டிரெய்லர் தயாரிப்பாளர் குறிப்பிடும் வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

சரக்கு ஏற்றும் முறை

கனமான பொருட்களை அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ வைக்க வேண்டும். பின்பகுதியில் பாரம் கூடினால், வேகமாகச் செல்லும்போது டிரெய்லர் இருபுறமும் அலைந்து காரையும் நிலைகுலையச் செய்யும்.