வங்கிக் கட்டணம் குறைகிறதா, இடம் மாறுகிறதா?

வங்கி எதில் சம்பாதிக்கிறது என்று கேட்டால் 'வட்டியில்' என்று உடனே சொல்லிவிடுவோம். அது பாதி உண்மைதான். காசோலை, பணம் அனுப்புதல், நாணயக் கடிதம், அட்டை என ஒவ்வொரு சேவைக்கும் அறவிடும் கட்டணம் வங்கியின் இன்னொரு வருமானம். புதிய தொழில்நுட்பம் கைவைப்பது இதில்தான்.

ஒரு காலத்தில் கல்முனை வியாபாரி புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப வங்கி வரைவோலை எடுப்பார். அதற்குத் தரகு கட்டுவார். வெளியூர்க் காசோலை மாறப் பல நாள் காத்திருக்க வேண்டும். 2006இல் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறை இலங்கைக்கு வந்தது. 2015இல் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன் பணம் அனுப்பும் வசதியும் வந்தது. இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே சிறு கட்டணத்துடன் வேலை முடிகிறது. பழைய தரகு வருமானம் வங்கிக்குக் குறைந்துவிட்டது.

இந்தியாவில் இது இன்னும் தூரம் போயிருக்கிறது. 2016இல் அங்கு யூ.பி.ஐ. அறிமுகமானது. 2020 ஜனவரி முதல் அதன் வழியாகப் பணம் பெறும் கடைக்காரரிடம் கட்டணம் அறவிடக் கூடாது என்று அரசு சட்டம் செய்தது. செலவு வங்கிக்கு, அதை ஓரளவு ஈடுசெய்ய அரசு ஊக்கத்தொகை வழங்கியது.

ஆனால் ஒரு கதவு மூடினால் வங்கி இன்னொன்றைத் திறக்கும். அட்டை இயந்திரத்தைப் பாருங்கள். 10,000 ரூபாய் விற்பனையில் உங்கள் இலாபம் 8 வீதம், அதாவது 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்டைக் கட்டணம் 2.5 வீதமானால் 250 ரூபாய் போய்விடும். இலாபத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! அதை அட்டை வழங்கிய வங்கி, இயந்திரம் தந்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்ட் ஆகியன பங்கிட்டுக்கொள்கின்றன. இதை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது வங்கியுடன் நாம் செய்த ஒப்பந்தத்துக்கு முரண்.

அப்படியானால் என்ன செய்யலாம்? மாதாந்தக் கணக்குக்கூற்றில் ஒவ்வொரு கழிவையும் பேனையால் குறியுங்கள். விளங்காததை முகாமையாளரிடம் கேளுங்கள். விற்பனை கூடியிருந்தால் அட்டை வீதத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு வங்கிகளின் வீதங்களை ஒப்பிடுங்கள். லங்கா கியூ.ஆர். குறியீட்டுக்கு இயந்திரம் தேவையில்லை. அதன் கட்டணத்தையும் கேட்டுப் பாருங்கள்.

சரக்கு வாங்கும்போது ஐந்து ரூபாய்க்கும் பேரம் பேசுகிறோம். வங்கியிடம் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?