மகள் லாக்ரோஸ் கிளப் தேர்வுக்குப் போகிறாளா?

நியூஜெர்சியிலோ மேரிலாந்திலோ குடியிருக்கிறீர்கள். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, “அம்மா, லாக்ரோஸ் கிளப்ல ட்ரையவுட் இருக்காம், நானும் போகணும்” என்கிறாள். நமக்குக் கிரிக்கெட் தெரியும், கபடி தெரியும், இது தெரியாது. முதல் வருடம் நானும் மைதானத்து ஓரத்தில் ஒன்றும் புரியாமல்தான் நின்றேன். அன்று யாராவது சொல்லியிருந்தால் உதவியிருக்கும் என்று எனக்குப் பட்டவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில், இது என்ன விளையாட்டு?

நீளமான ஸ்டிக், அதன் நுனியில் சின்ன வலை. அந்த வலையில் பந்தை ஏந்தி ஓடி, தோழிக்கு வீசி, கடைசியில் கோலுக்குள் அடிக்க வேண்டும். கோல் கீப்பரையும் சேர்த்து அணிக்கு 12 பேர். பந்து கெட்டியான ரப்பர். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் எடை குறைவு. வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடமிருந்து வந்த ஆட்டம் இது. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில், 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிக்குக் கிரிக்கெட்டைச் சேர்த்தபோது லாக்ரோஸையும் சேர்த்தார்கள். அங்கே அணிக்கு ஆறு பேர் ஆடும் சிறிய வடிவம்.

அடிபடுமா?

பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் மோதித் தள்ளக்கூடாது. கண்ணுக்குக் கம்பிக் கண்ணாடியும் பல்லுக்கு உறையும் கட்டாயம். மோதல் இல்லாததால் கால் வேகத்துக்கும் கைப்பழக்கத்துக்கும்தான் மதிப்பு. ஒல்லியான பெண், குள்ளமான பெண் என்று நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை.

பள்ளியிலேயே அணி இருக்கிறதே, கிளப் எதற்கு?

பள்ளி அணி வசந்த காலத்தில் சில மாதங்கள் மட்டும். கிளப் என்பது கட்டணம் வாங்கி நடத்தும் தனி அமைப்பு. இலையுதிர் காலம், குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சி, கோடையில் ஊர் ஊராகப் போட்டிகள் என்று அநேகமாக வருடம் முழுக்க ஓடும். கல்லூரிப் பயிற்சியாளர்கள் வந்து பார்ப்பதும் பெரும்பாலும் கோடையிலும் நவம்பரிலும் நடக்கும் கிளப் போட்டிகளைத்தான். மகளுக்கு இந்த ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு என்றால் ஊர் அளவிலான அணியே போதும். அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள்.

தேர்வு எப்போது?

கோடைப் போட்டிகள் முடிந்த கையோடு, பல கிளப்புகளில் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும். அணிகளைப் பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டை வைத்துப் பிரிப்பார்கள். “2031 அணி” என்றால் 2031-இல் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் பெண்கள். சில இடங்களில் பிறந்த தேதிதான் கணக்கு; பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கிளப்புகளின் தேர்வு ஒரே நாளில் விழுவதும் சகஜம். அதனால் ஜூன் மாதமே தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும்?

பெயரைச் சொன்னதும் ஒரு பின்னி (சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளும், எண் அச்சடித்த கையில்லா ஆடை) கொடுப்பார்கள். அதன்பிறகு உங்கள் மகள் அவர்களுக்கு 47, அவ்வளவுதான். ஓடிக்கொண்டே வீசிப் பிடிப்பது, தரையில் உருளும் பந்தை அள்ளுவது, ஒருத்திக்கு ஒருத்தி, மூவருக்கு இருவர் என்று போய், கடைசியில் முழு ஆட்டம். ஓரத்தில் நாலைந்து பேர் அட்டையும் பேனாவுமாக நிற்பார்கள். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம், இரண்டு நாள்.

அந்த நாலைந்து பேர் எதைப் பார்க்கிறார்கள்?

கோல் அடிக்கிறாளா என்பதைத்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஆகஸ்ட் மாலை, வேலியோரம் நின்றிருந்தபோது பார்த்தது இது. ஒரு பெண்ணுக்கு வந்த பந்து வலையில் பட்டுத் தெறித்துவிட்டது. அவள் தலையைத் தொங்கப்போடவில்லை. திரும்பி, பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவளைத் துரத்தி, முப்பதடி தள்ளி முன்னால் போய்க் குறுக்கே நின்று மறித்தாள். என் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் அட்டையில் ஏதோ எழுதினார். அதற்குச் சற்று முன் அழகாக ஒரு கோல் விழுந்தபோது அவர் பேனா அசையவில்லை.

பந்து நழுவுவது எல்லாருக்கும் நடக்கும். நழுவிய அடுத்த மூன்று வினாடியில் என்ன செய்கிறாள் என்பதில்தான் கண். பந்து தன்னிடம் இல்லாதபோது வெற்றிடம் பார்த்து நகர்கிறாளா, தடுக்கும்போது வாய்விட்டுக் கூப்பிட்டுச் சொல்கிறாளா, பயிற்சியாளர் ஒன்றைத் திருத்தினால் அடுத்த முறை அதைச் செய்து காட்டுகிறாளா என்றும் பார்ப்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் பலர் இங்கே ஒரு படி பின்தங்குவதை நான் கவனித்திருக்கிறேன்: சத்தம் போடக்கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். மைதானத்தில் கத்தலாம், கத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

வீட்டில் எப்படித் தயார் செய்வது?

ஒரு சுவர் போதும். சுவரில் வீசித் திரும்பி வருவதைப் பிடிக்கும் பயிற்சியை ‘வால் பால்’ என்பார்கள். தினம் பதினைந்து நிமிடம், அதில் பாதி இடது கைக்கு. வலது கை மட்டும் பழகிய பெண்ணைத் தடுப்பது சுலபம், இரண்டு நிமிடத்தில் அது தெரிந்துவிடும்.

புது ஸ்டிக்கோடு தேர்வுக்கு அனுப்பாதீர்கள். பெண்கள் ஸ்டிக்கின் வலை ஆழம் குறைந்தது. பந்து விழாமலிருக்க, தொட்டில் ஆட்டுவதுபோல மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே ஓட வேண்டும். புது வலை விறைப்பாக இருக்கும். பழகித் தளரச் சில வாரங்கள் பிடிக்கும்.

நன்றாக ஆடினால் இடம் நிச்சயம்தானா?

இல்லை. நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். பயிற்சியாளர் மைதானத்தில் இருப்பவர்களை வரிசைப்படுத்தி முதல் இருபது பேரை எடுப்பதில்லை. அவரிடம் பழைய அணி இருக்கிறது. அதில் யார் விலகினார்கள், எந்த இடம் காலி என்று பார்த்து நிரப்புகிறார். முன்வரிசையில் எல்லாரும் தங்கிவிட்டால், எவ்வளவு நன்றாக அடிக்கும் பெண்ணுக்கும் அந்த வருடம் இடம் கிடைக்காமல் போகலாம். அதே வருடம் கோல் கீப்பரைத் தேடி அலைவார்கள். டிராவில் (ஆட்டத் தொடக்கத்திலும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், இருவர் நடுவில் நின்று பந்தைக் கைப்பற்றும் போட்டி) கெட்டிக்காரியாக இருப்பவளுக்கும் எப்போதும் தேவை உண்டு.

ஆகவே பதிவு செய்யுமுன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “இந்த வருடம் எத்தனை இடம் காலி, எந்தெந்த இடத்துக்கு?” நேர்மையான கிளப் பதில் சொல்லும். பதில் மழுப்பலாக வந்தால், தேர்வுக் கட்டணத்தைக் கட்டுமுன் இன்னொரு முறை யோசியுங்கள்.

தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை இருக்குமா?

இருக்கும். போன வருடம் முழுக்கப் பார்த்த பெண்ணையும் மூன்று மணி நேரம் பார்த்த பெண்ணையும் எந்த மனிதராலும் ஒன்றுபோலப் பார்க்க முடியாது. இதற்கு ஒரே வழி, அந்த கிளப் வசந்த காலத்தில் நடத்தும் ஒரு நாள் பயிற்சி முகாமுக்கு மகளை அனுப்பி, முகம் தெரியச் செய்வது.

இடம் கிடைத்தது என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. உடனே பணம் கட்டலாமா?

பொறுங்கள். பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரம்தான் கெடு கொடுப்பார்கள். முன்பணம் கட்டினால் பல இடங்களில் திரும்ப வராது. அதனால் கேள்விகளைத் தேர்வுக்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும். வருடக் கட்டணம் சில ஆயிரம் டாலர் என்பார்கள். அதில் போட்டிக் கட்டணமும் சீருடையும் அடக்கமா? எத்தனை போட்டிகள் வெளி மாநிலத்தில்? ஹோட்டலும் பயணமும் உங்கள் கணக்கில்தான் வரும், சில குடும்பங்களுக்கு அது கட்டணத்தையே தாண்டிவிடும். அடிபட்டு ஆறு மாதம் ஆட முடியாவிட்டால் பணம் என்னாகும்? இந்த அணிக்கு வரப்போகும் பயிற்சியாளர் யார்? கட்டண உதவி உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்க நம்மவர்கள் கூசுகிறார்கள். பல கிளப்புகளில் அதற்கென்று ஏற்பாடு இருக்கிறது, கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும்.

இரண்டாம் அணியில்தான் இடம் என்றால்?

என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். பதினான்கு வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்கு, முதல் அணியின் பெஞ்சைவிட இரண்டாம் அணியில் முழு நேர ஆட்டம் நல்லது. பந்து ஸ்டிக்கில் இருக்கும் நேரம்தான் ஆளை வளர்க்கும். ஆனால் இரண்டு அணிக்கும் ஒரே கட்டணம் வாங்கிவிட்டு, நல்ல பயிற்சியாளரை முதல் அணிக்கு மட்டும் வைக்கும் கிளப்பும் உண்டு. அப்படியென்றால் வேறு இடம் பாருங்கள்.

கல்லூரி உதவித்தொகை கிடைக்குமே?

அதை நம்பிப் பணம் போடாதீர்கள். டிவிஷன் ஒன் எனப்படும் முதல் நிலைக் கல்லூரிகளில்கூட, 2025 வரை ஒரு பெண்கள் அணிக்கு அதிகபட்சம் 12 முழு உதவித்தொகைதான். அதை முப்பது பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். இப்போது விதி மாறி, அந்த உச்சவரம்பு பல கல்லூரிகளில் போய்விட்டது. ஆனாலும் எல்லாக் கல்லூரியும் கூடுதல் பணம் ஒதுக்கிவிடாது. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக்கிலும், மூன்றாம் டிவிஷனிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது.

இன்னொன்று. 2017-இல் வந்த விதிப்படி, பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் டிவிஷன் ஒன் பயிற்சியாளர்கள் சேர்க்கை பற்றி உங்களிடமோ மகளிடமோ பேசக்கூடாது. எனவே ஏழாம் வகுப்பில், “இப்போதே இந்த கிளப்பில் சேராவிட்டால் வாய்ப்புப் போய்விடும்” என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம்.

இடம் கிடைக்கவில்லை. என்ன சொல்வது?

மின்னஞ்சலை முதலில் நீங்கள் படியுங்கள். மகளிடம் வீட்டில், தனியாகச் சொல்லுங்கள். தோழிகளின் குரூப் சாட்டில் அவள் தெரிந்துகொள்ள விடாதீர்கள். என் மகள் அன்று காரிலேயே கேட்டுவிட்டாள்: “ரெண்டு தடவை பந்தை விட்டேன், அதனாலயாம்மா?” காரணத்தை நானாகக் கற்பிக்கவில்லை. “தெரியல கண்ணு, கேட்டுப் பார்க்கலாம்” என்றேன்.

ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். அன்றிரவே கோபத்தோடு எழுதினால் பயனிருக்காது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பெண் என்றால் அவளே எழுதட்டும்: “அடுத்த வருடத்துக்குள் நான் எதில் முன்னேற வேண்டும்?” அந்த ஒரு கேள்வி போதும். மற்ற பெண்களோடு ஒப்பிட்டு ஒரு வரிகூட வேண்டாம். அதற்குள் வேறு கிளப்புகளில் மிச்ச இடங்களுக்கு இரண்டாம் சுற்றுத் தேர்வு நடக்கிறதா என்றும் பாருங்கள். செப்டம்பர் வரை யாராவது விலகிக்கொண்டே இருப்பார்கள்.

எங்களுக்குப் பதில் வரப் பத்து நாள் ஆனது. இரண்டே வரி: இடது கை போதாது, பந்து இல்லாதபோது நின்றுவிடுகிறாள். முதலாவதற்கு எங்கள் கராஜ் சுவர் இருந்தது. இரண்டாவதற்கு, சனிக்கிழமைகளில் பக்கத்துப் பூங்காவில் மூன்று தோழிகளைச் சேர்த்துக்கொண்டாள்.